ஆறாவது அடுப்பு

கிளாட்வின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஹில்டா இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் பிசைவதை நிறுத்தவில்லை. வாசலில் நிற்பது இன்னார் என்று தெரிந்த பிறகு, அந்த மாவுக்குக் கூடுதலாக நாலு குத்து விழுந்தது, அவ்வளவுதான்.

"ஹில்டாக்கா, நல்லா இருக்கியளா?"

அக்காவாம்! பதினொரு வருஷம் "ஏளா ஹில்டா" என்று அதட்டிய வாய் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்தையாபுரம் ரோட்டில், தன் கடை வாசலில், ஐம்பது பேர் பார்க்க "கறிக்கள்ளி" என்று கூப்பிட்டதும் அதே வாய்தான்.

அந்தக் கடையில் கிளாட்வின் முதலில் கரி அடுப்பில்தான் கோழி சுட்டு விற்றான். துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுவார்கள். பிறகு எங்கேயோ மூடிப்போன ஒரு பெரிய ஹோட்டலின் கேஸ் கிரில் ஒன்றை வாங்கி வந்து வைத்தான். அதில் தீ எழும்பி நாக்கை நீட்டாது. பொடிப்பொடியாகத் துளை போட்ட பீங்கான் தகடுகள் கேஸில் பழுத்துச் சிவந்து நிற்கும். அந்தச் சிவப்பின் வெக்கையே மேலே கம்பியில் கிடக்கிற கறியை வேகவைக்கும். இன்ஃப்ராரெட் என்று பேர். வந்த ஒரு மாதத்தில் கடையில் இருந்த மூன்று மாஸ்டர்களையும் அந்த மெஷின் முட்டாளாக்கியது. வெளியே கரிக்கட்டை, உள்ளே இரத்தம். தீயைப் பார்த்தே பழகிய கண்ணுக்குத் தீயில்லாத அடுப்பு பிடிபடவில்லை.

ஹில்டா அப்போது அங்கே வெங்காயம் உரிக்கிறவள். மத்தியான நேரத்தில் மாஸ்டர்கள் கண்ணயர்ந்ததும், கழித்துப்போட்ட கோழிக் கழுத்துகளை வைத்துத் தானாகவே சோதித்துப் பார்த்தாள். மூன்று மாதத்தில் மெஷின் அவளுக்கு மசிந்தது. மசாலாவில் சர்க்கரை சேர்க்கக் கூடாது, சேர்த்தால் நொடியில் கருகும். கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கனத்த துண்டை முதலில் சிவப்பு எட்டாத மூலையில் வைத்து, மூடியைப் போட்டு, எலும்பு வரைக்கும் வேகவிட வேண்டும். கடைசியில்தான் சிவப்புக்கு நேர் மேலே, பக்கத்துக்கு இரண்டே நிமிஷம். அப்படிச் சுட்ட ஆட்டுக்கறியைக் கடித்தால் மேலே மொறுமொறுக்கும், உள்ளே சாறு நிற்கும். திருநெல்வேலியிலிருந்து கார் போட்டு வந்து தின்றுவிட்டுப் போனார்கள்.

பேர் வந்ததும் கிளாட்வின் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்று வீடியோ எடுத்துப் போட்டான். "நானா கண்டுபிடிச்ச பக்குவம்" என்றான். ஹில்டா அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தனக்கென்று சின்னதாக ஒரு கடை போட நினைத்தாள். மறைக்காமல் ஒரு மாதம் முன்னாலேயே அவனிடம் சொன்னாள். அந்த நேர்மைதான் அவள் செய்த ஒரே மடத்தனம். கடைசி நாள் வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் மறித்து, "பையக் காட்டு" என்றான். பைக்குள் அவள் தூக்குவாளிக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு கிலோ ஆட்டுக்கறி இருந்தது.

அவள் கத்தினாள், அழுதாள். யார் நம்புவார்கள்? பையில் கறி இருக்கிறதே! கறிக்கள்ளி போடுகிற கடைக்கு எவன் வருவான்? போடாத கடை போடாமலேயே மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தேவகனி, ஹில்டா உள்ளே வந்தால் குழம்புச் சட்டியை மூடுவதற்குப் பழகிக்கொண்டாள். எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று உண்டு. அவள் புருஷன் அமலன் தோணிக்காரன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய் நாலு மாதம் கழித்துத் திரும்பினான். வீடு வந்து சேருமுன் செய்தி துறைமுகத்திலேயே அவன் காதில் விழுந்துவிட்டது. பையை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டான்: "எடுத்தியா?"

அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். கேட்டுவிட்டானே. அன்றைக்கு அவள் நெஞ்சில் விழுந்த கறுவம் இரண்டு வருஷமாக வேகாமலும் ஆறாமலும் கிடந்தது.

"எதுக்கு வந்திய?" என்று இப்போது கேட்டாள்.

கிளாட்வின் குழைந்தான். கடற்கரை ரோட்டில் புதுக்கடை. ஆறு பர்னர் உள்ள புது மெஷின் இறக்கியிருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் திறப்பு. பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார், ஊரே வருகிறது. ஆனால் இப்போதைய மாஸ்டர் பெனிஸ்டன் எதை வைத்தாலும் கருக்குகிறான்.

"பத்து நாள் வந்து பழக்கிவிடுங்கக்கா. நீங்க கேக்குறதச் செய்யுதேன்."

"கேக்கவா?"

"கேளுங்க."

"திறப்பு அன்னைக்கு, அதே ஊரு முன்னால, மைக்கப் பிடிச்சுச் சொல்லணும். ஹில்டா கறி எடுக்கல, நாந்தான் அவ பையில வச்சேன்னு."

அவன் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தைப் பிடித்துக்கொண்டான். "மாதா மேல ஆணை. சொல்லுதேன்."

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்ட ஆணையில் அவளுக்கு அரைக்காசு நம்பிக்கையும் வரவில்லை. ஆனாலும் போனாள். "அவன் கடைக்கா போற? மானம் ஒண்ணு இல்லையா ஒனக்கு?" என்றான் அமலன். "மானத்த வாங்கிட்டு வரத்தான் போறேன்" என்றாள்.

அவள் மனதில் வேறு திட்டமும் இருந்தது, அதை மறைப்பானேன். இன்ஃப்ராரெட் அடுப்பு பழிவாங்குவதற்கென்றே செய்தது மாதிரி ஒரு சாமான். மூலையில் வேகவைக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டால் போதும், மேலே பொன்னிறமாக, பார்த்தாலே எச்சில் ஊறுகிற கறி வரும். கடித்தால் பச்சை. அவன் ஆணையை மீறினால் திறப்பு விழாவில் அத்தனை தட்டிலும் அதை வைத்து, ஊரே அவனைக் காறித் துப்பும்படி செய்வதென்று நினைத்துத்தான் போனாள்.

ஆனால் கறி முன்னால் நின்றதும் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. உயிரைக் கொடுத்த ஆடு அவளுக்கு என்ன பாவம் செய்தது? வரப்போகிறவர்களில் மடத்துக் கன்னியாஸ்திரிகள் உண்டு, கைப்பிள்ளைக்காரிகள் உண்டு. அவள் கோபம் ஒருவன் மேல்தானே தவிர ஊர் வயிற்றின் மேல் இல்லை. மூன்றாம் நாளே திட்டத்தைக் கைவிட்டாள். கைவிட்டதற்காகத் தன்னையே நாள் முழுக்கத் திட்டிக்கொண்டாள். "பழிவாங்கக்கூடத் துப்பில்லாத சிறுக்கி" என்று முணுமுணுத்தது பெனிஸ்டன் காதில் விழுந்து, தன்னைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று அவன் இன்னும் பயபக்தியோடு வேலை பழகினான்.

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள், ஒன்றைத் தவிர. தண்ணீர்.

பழுத்துச் சிவந்த பீங்கானில் கொழுப்பு சொட்டினால் பொசுங்கிப் புகையாகப் போய்விடும். பச்சைத் தண்ணீர் விழுந்தால் தகடு பிளந்துவிடும். முதல் வருஷ ஐப்பசி மழையில் பழைய கடையின் கூரை ஒழுகி அவள் அதைத் தெரிந்துகொண்டாள். கிளாட்வின் கத்துவான் என்று பயந்து, மெஷினோடு வந்த உபரித் தகட்டை மாட்டி வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கரி அடுப்புக்காரனான பெனிஸ்டன் வழக்கம்போல ஒரு குவளைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். தீ பொங்கினால் விசிறித் தெளிப்பது அந்த வேலையில் கைப்பழக்கம். தினமும் காலையில் அந்தக் குவளையை அவள் எடுத்து அப்புறப்படுத்தினாள். ஏன் என்று சொல்லவில்லை. முதலாளி மைக்கில் சொல்லி முடிக்கட்டும், அதற்குப் பிறகு இதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அவன் வார்த்தைக்கு அவள் பிடித்து வைத்த ஒரே ஜாமீன் அதுதான்.

ஞாயிறு சாயங்காலம் கடற்கரை ரோடு நிறைந்துவிட்டது. கடைக்கு வெளியே, கடலைப் பார்க்க, பந்தல் போட்டு மெஷினை நடுவில் வைத்திருந்தார்கள். அதன் வலது கோடியில், யாரோ திறப்புக்கு வாழ்த்தி அனுப்பிய பூ வளையம் ஒன்று ஆளுயரத்துக்குச் சாய்ந்து நின்றது. தேவகனி முன்வரிசையில் பட்டுச்சேலையில் இருந்தாள். அமலனும் வந்திருந்தான், கடைசியில் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு.

"ஆறையும் பத்தவைங்கக்கா. ஃபுல்லா வைங்க" என்றான் கிளாட்வின். "சாமியார் மந்திரிக்கும்போது செக்கச்செவேல்னு நிக்கணும். வீடியோ எடுக்கான்லா."

ஹில்டா பற்றவைத்தாள். ஆறு தகடும் பழுத்தன. இந்தக் கரையில் தீர்த்தம் படாமல் எதுவும் வேலைக்கு இறங்காது. தோணி, வலை, பைக், போர்வெல் மோட்டார், எல்லாவற்றுக்கும் மந்திரிப்பு உண்டு. பங்குச்சாமியாரோ தாராளமான கை. சின்னக் குச்சியில் தொட்டுத் தெளிக்கிற ஆளில்லை. வாளியில் இலைக்கொத்தை முக்கி எடுத்து விசிறினால், முன்வரிசைக்காரர்கள் தலை துவட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

அவளுக்கு அது தெரியும். கிளாட்வின் பேசி முடித்ததும் அடுப்பை அணைத்து, "அரை மணி நேரம் ஆறட்டும் ஃபாதர், பிறகு தெளிங்க" என்று சொல்லிவிடத்தான் குமிழில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

கிளாட்வின் மைக்கைப் பிடித்தான். மாதாவுக்கு நன்றி சொன்னான், சாமியாருக்குச் சொன்னான், ஊருக்குச் சொன்னான். இந்தப் பக்குவம் தான் தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்தது என்றான். ஹில்டா அவன் வாயையே பார்த்தாள். இனி அவள் முறைதானே?

"இன்னொரு விஷயமும் சொல்லணும்" என்று அவள் பக்கம் திரும்பினான். குரலில் தேன் வடிந்தது. "இந்த ஹில்டாக்காவ ஒங்க எல்லாருக்கும் தெரியும். என் கடையில நடந்ததும் தெரியும். கறி எடுத்த கைதான் இது. இருந்தாலும், ஒன் பகையாளிய மன்னின்னு ஆண்டவர் சொல்லியிருக்காருலா? நான் மன்னிச்சிட்டேன். மன்னிச்சு, திரும்பக் கூப்பிட்டு, அடுப்பையே கையில குடுத்திருக்கேன்."

கைதட்டல் எழும்பியது. பங்குச்சாமியார் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். தேவகனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூணோரத்தில் அமலன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். இவன் பாய்ச்சிவிட்டுப் புண்ணுக்குச் சொந்தக்காரியிடம் நன்றியையும் எதிர்பார்த்து நிற்கிறான். செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு! திருட்டுப் பட்டத்தையாவது ஒருநாள் துடைக்கலாம். மன்னிப்பு வாங்கிய பட்டத்தை எதை வைத்துத் துடைப்பது? ஹில்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். இரண்டடி பின்னால் தள்ளி நின்று, முக்காட்டைச் சரிசெய்து, பக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டாள்.

பங்குச்சாமியார் ஜெபத்தைச் சொல்லிவிட்டு வாளியில் கொத்தை நன்றாக முக்கினார். இடமிருந்து வலமாக விசிறினார். "புஸ்ஸ்" என்று ஆவி எழும்பியது. கூடவே டப், டப் என்று வெடித்தது. அவர் திடுக்கிட்டார், ஆனால் கொத்து விசிறிய வேகத்தில் நிற்கவில்லை. டப், டப், டப். ஐந்து தகடு பிளந்தன. மேலே கம்பி வலை இருந்ததால் துண்டுகள் வெளியே தெறிக்காமல் உள்ளுக்குள்ளேயே விழுந்தன. அது நடக்கும் என்று தெரிந்த ஒருத்தி மட்டும் பதறாமல் முன்னால் வந்து, ஐந்து குமிழையும் வரிசையாகத் திருகி கேஸை அடைத்தாள். பூ வளையம் மறைத்ததால் ஆறாவது அடுப்பில் ஒரு துளிகூடப் படவில்லை. அது தன்பாட்டுக்குச் சிவந்து நின்றது.

தேவகனிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏ மாதாவே! தீர்த்தம் பட்டதும் வெடிச்சிட்டே!"

அது போதும். எத்தனை தோணிக்கு மந்திரித்தாயிற்று, எத்தனை வீட்டுக்குத் தெளித்தாயிற்று, எங்கேயாவது வெடித்தது உண்டா? "அடுப்புல என்ன பாவம் இருக்கோ." "சொன்ன வாயில என்ன இருக்கோ." பேச்சு வரிசைவரிசையாகப் பின்னால் போயிற்று.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றான் கிளாட்வின். "மெஷின்ல கோளாறு. அனுப்புனவன் ஏமாத்திட்டான்."

ஹில்டா அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவன் கொடுத்துவிட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

"கிளாட்வின்" என்றாள். 'முதலாளி' என்கிற பேச்சு அவள் வாயை விட்டுப் போய்விட்டது. "இன்னும் ஒரு அடுப்பு மிச்சம் இருக்கு, நல்லா எரியுது. நான் கறி எடுத்தது உண்மைன்னு மாதா பேரைச் சொல்லி அதுல நீயே தீர்த்தத்தத் தெளி. நீ சொல்றது உண்மைன்னா அது பாட்டுக்கு எரியட்டும். நான் கள்ளின்னு ஒத்துக்கிட்டு இந்த ஊர விட்டே போயிருதேன்."

"அம்மா, அடுப்ப வச்சு ஆண்டவரச் சோதிக்கக் கூடாது" என்று சாமியார் குறுக்கே வந்தார். யார் கேட்டார்கள்? "தெளிக்கட்டும் ஃபாதர்! உண்மைன்னா பயமென்ன?" என்று பந்தலே கூவியது. நுணலும் தன் வாயால் கெடும். கிளாட்வினுக்குப் பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பான்.

அவன் வாளியைத் தூக்கினான். பூ வளையத்தைக் காலால் தள்ளிவிட்டான். "மாதா சாட்சியாச் சொல்லுதேன், இவ கள்ளிதான்!" என்று கத்திக்கொண்டு வாளியோடு கவிழ்த்தான்.

முதல் ஐந்தும் சேர்ந்து போட்ட சத்தத்தை அந்த ஒன்றே போட்டது. ஆவி அவன் முகத்தில் அடித்தது. அது விலகியபோது தகடு இரண்டாகப் பிளந்து கறுத்துப்போய்க் கிடந்தது. ஹில்டா எட்டிக் கடைசிக் குமிழையும் அடைத்தாள்.

கிளாட்வினின் கையிலிருந்து வாளி உருண்டது. கழுத்துச் சுரூபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே மண்டியிட்டான். அவன் நடிக்கவில்லை. பொய்யாணை இட்டவனுக்கு இந்தக் கரையில் கடல் கூலி கொடுக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், இன்றைக்கு அடுப்பே கொடுத்துவிட்டதென்று முழுசாக நம்பிவிட்டான்.

"நாந்தான் வச்சேன்" என்றான். மைக் ஹில்டா கையில் இருந்தது. அவள் குனிந்து அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சத்தமாச் சொல்லு. பின்னால தூணுகிட்ட நிக்கவங்களுக்குக் கேக்கணும்."

"நாந்தான் அவ பையில கறிய வச்சேன். அவ தனியாக் கடை போட்டா என் கடைக்கு ஒருத்தனும் வரமாட்டான்னு வச்சேன். பக்குவமும் அவளுதுதான். எனக்கு இந்த மெஷினப் பத்தி ஒண்ணும் தெரியாது. மாதாவே, என்னய விட்டுரு."

ஹில்டா அவனைத் தூக்கிவிடவில்லை. மைக்கை அவன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு வருஷமாக அவள் ராத்திரியும் பகலும் மென்ற காட்சி இதுதான், மண்ணில் முட்டி போட்ட கிளாட்வின். ஆசை தீர நின்று பார்த்தாள். இரக்கம் வரவில்லை. வராததற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

ஊர் கதை கேட்டாலும் வயிறு கேட்காது. பெனிஸ்டன் பின்பக்கத்தில் கரி அடுப்பை மூட்டி, ஹில்டா பதம் பண்ணி வைத்திருந்த கறியைச் சுடத் தொடங்கினான். தேவகனி முதல் தட்டை வாங்கி நேரே ஹில்டாவிடம் கொண்டுவந்து நீட்டினாள். "நான் அன்னைக்கே நெனச்சேன் ஹில்டா, நீ செஞ்சிருக்க மாட்டன்னு." "குழம்புச் சட்டிய மூடும்போதா நெனச்ச?" என்று கேட்டுவிட்டு ஹில்டா தட்டை வாங்காமல் திரும்பிக்கொண்டாள்.

அமலன் தூணை விட்டு வந்தான். "ஏளா, வீட்டுக்குப் போவமா?" என்றான்.

"நீங்க போங்க. நான் பொறவு வாரேன்."

அவன் தயங்கித் தயங்கிக் கூட்டத்துக்குள் நடந்தான். ஆட்கள் அவனை ஏறிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் இப்படித் தனியாக நடந்தவள் அவள். ஒரு சாயங்காலம் அவனும் நடக்கட்டும்.

பங்குச்சாமியார் மட்டும் மெஷினை விட்டு நகரவில்லை. கம்பி வலையைத் தூக்கிக் கையை விட்டு, ஆறிப்போன ஒரு பீங்கான் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சாமியார் ஆவதற்கு முன்னால் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவர். துண்டைப் பார்த்தார், காலி வாளியைப் பார்த்தார், பிறகு ஹில்டாவைப் பார்த்தார். யாருக்கும் கேட்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, பழுத்த பீங்கான்ல பச்சத்தண்ணி பட்டா வெடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஹில்டா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாரேன் ஃபாதர், அங்க கேளுங்க. அங்க சொன்னா நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதுல்லா."